காஞ்சிபுரத்தின் பழைய ஒளிப்படங்கள்

காஞ்சிபுரத்தின் பழைய ஒளிப்படங்கள் என்பவை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, தமிழ்நாட்டின் கோயில் நகரும் பட்டு நெசவு மையமுமான காஞ்சிபுரத்திலும் அதைச் சூழ்ந்த ஐயம்பேட்டை, திருப்பருத்திக்குன்றம் முதலிய ஊர்களிலும் எடுக்கப்பட்டு, நூலகங்கள், அருங்காட்சியகங்கள், ஆய்வு நிறுவனங்கள், குடும்பங்கள் ஆகியோரிடம் சேமிப்பில் உள்ள படங்களைக் குறிக்கும். கோயில் கட்டிடக்கலை, சிற்பம், கல்வெட்டு, ஓவியம் ஆகியவற்றைப் பதிவு செய்வதற்காக எடுக்கப்பட்டவையே இவற்றுள் நன்கு அறியப்பட்டவை. தெருக்கள், விழாக்கள், நெசவுத் தொழில், குடும்ப வாழ்க்கை ஆகியவற்றைக் காட்டும் படங்கள் குறைவாகவே பொதுச் சேமிப்புக்களை அடைந்துள்ளன.

மணற்கல்லால் ஆன பல்லவர் காலச் சிற்பங்கள் காலப்போக்கில் தேய்ந்து வருவதாலும், கோயில்கள் பலமுறை திருப்பணிக்கு உள்ளானதாலும், இன்று காணமுடியாத பல விபரங்களுக்கு இப் படங்களே சான்றாக உள்ளன. கடத்தப்பட்ட திருமேனிகளை மீட்பதிலும் இத்தகைய படங்கள் பயன்பட்டுள்ளன.

பெயரும் எல்லையும்

பிரித்தானியர் ஆட்சிக்காலப் பதிவுகளில் இந் நகரம் "காஞ்சீவரம்", "கான்ஜீவரம்" போன்ற வடிவங்களில் குறிக்கப்பட்டது. வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் பழைய படங்கள் பெரும்பாலும் இப் பெயர்களின் கீழேயே உள்ளன. எனவே, இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர்களுக்குப் பல படங்கள் கிடைப்பதில்லை. நகரின் பகுதிகளான பெரிய காஞ்சி, சின்னக் காஞ்சி என்பனவும், கோயில் பெயர்களும், பழைய மாவட்டப் பெயரான செங்கல்பட்டு என்பதும் தேடலுக்கு உதவக்கூடியவை. காஞ்சிபுரம் 1997ஆம் ஆண்டுவரை செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

ஐயம்பேட்டை, காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் அமைந்துள்ள நெசவாளர் ஊராகும். தஞ்சாவூர் மாவட்டத்தில் இதே பெயருடைய பேரூர் ஒன்று இருப்பதால், பட்டியல்களில் வெறுமனே "ஐயம்பேட்டை" என்று காணப்படும் படங்களை எந்த ஊருக்கு உரியவை என உறுதி செய்துகொள்வது அவசியமாகும்.

பின்னணி

ஒளிப்படக்கலை 1839ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது இந்தியாவின் துறைமுக நகரங்களை வந்தடைந்தது. சென்னையில் 1856ஆம் ஆண்டில் மதராஸ் ஒளிப்படச் சங்கம் தோன்றியது. சென்னைக் கலைப் பள்ளியைத் தோற்றுவித்த மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் இச் சங்கத்தின் உருவாக்கத்தில் முக்கிய பங்கு வகித்தார்.

அதே ஆண்டில் லின்னேயஸ் டிரைப் (1822–1902) என்னும் படை அதிகாரி மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியேற்றார். இவர் 1857 இறுதியிலும் 1858இலும் மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், தஞ்சாவூர் முதலிய இடங்களுக்குப் பயணம் செய்து எடுத்த படங்கள் 1858ஆம் ஆண்டில் தொகுதிகளாக வெளியிடப்பட்டன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளக் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இவர் ஆக்கினார். கல்வெட்டைப் படியெடுக்க ஒளிப்படத்தைப் பயன்படுத்திய மிகப் பழைய முயற்சிகளுள் இது ஒன்றாகும். 1859ஆம் ஆண்டில் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் செலவைக் காரணம் காட்டி இப் பணியை நிறுத்தினார்.

இதன் பின்னர் 1867–68 காலப்பகுதியில் எட்மண்ட் டேவிட் லையன் என்பவர் அரசின் சார்பில் தென்னிந்தியக் கட்டிடங்களைப் படமெடுத்தார். அவருடைய படங்களுக்கான குறிப்புக்கள், கட்டிடக்கலை வரலாற்றாளரான ஜேம்ஸ் பெர்குசன் பதிப்பித்து 1870இல் வெளியாயின. பெர்குசன் 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தியக் கட்டிடக்கலை வரலாறு பெருமளவுக்கு இத்தகைய ஒளிப்படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதன் மூலமே எழுதப்பட்டது. இவ்வாறு, கோயிலை நேரில் காணாதவரும் அதன் அமைப்பையும் காலத்தையும் ஆராயக்கூடிய ஒரு நிலையை ஒளிப்படம் உருவாக்கியது.

காஞ்சிபுரத்தைப் பொறுத்தவரை, போக்குவரத்து வசதியும் படங்களின் பெருக்கத்துக்கு ஒரு காரணமாகும். 1865ஆம் ஆண்டில் அரக்கோணத்தையும் காஞ்சிபுரத்தையும் இணைக்கும் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து கண்ணாடித் தட்டுக்களையும் வேதிப் பொருட்களையும் கொண்டுவருவது இதனால் எளிதாயிற்று. அடுத்த ஆண்டான 1866இல் காஞ்சிபுரம் நகராட்சி ஆக்கப்பட்டது.

நுட்பங்கள்

பழைய படமொன்றில் எது பதிவாகியுள்ளது, எது பதிவாகவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அக் காலத்து நுட்பங்களை அறிந்திருத்தல் வேண்டும்.

மெழுகுத் தாள் முறை: 1851ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே வெளிப்படுத்திய முறை. மெழுகேற்றிய தாளே எதிர்ப்படிமமாகப் (நெகட்டிவ்) பயன்பட்டது. முன்கூட்டியே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லக்கூடியதாக இருந்ததால் பயணங்களுக்கு ஏற்றது. ஆனால் ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன.

ஈரக் கொலோடியன் முறை: 1851ஆம் ஆண்டில் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறை. கண்ணாடித் தட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்கு முன்னரே படமெடுத்து உருத்துலக்கிவிட வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் தட்டு விரைவாக உலர்ந்துவிடும். ஆகவே ஒளிப்படக் கலைஞர் இருட்டுக் கூடாரம் ஒன்றையும் உதவியாளர்களையும் உடன் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

உலர் தட்டு முறை: ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் 1871ஆம் ஆண்டில் முன்மொழிந்த கூழ்மத் தட்டுக்கள் அந்தப் பத்தாண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்தன. ஆயத்தமான தட்டுக்களை வாங்கிச் சென்று படமெடுத்துத் திரும்பி வந்து உருத்துலக்க முடிந்ததால், தொல்லியல் துறையினர் சிறு குழுவாகச் சென்று ஏராளமான படங்களை எடுப்பது சாத்தியமாயிற்று.

சுருள் படச்சுருள்: 1888ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒளிப்படக் கருவி, தொழில்முறைக் கலைஞர் அல்லாதவர்களையும் படமெடுக்க வைத்தது.

19ஆம் நூற்றாண்டுப் படங்களில் பெரும்பாலானவை முட்டை வெண்கருவைப் பூசிய அல்புமின் தாளில் அச்சிடப்பட்டவை. இவை காலப்போக்கில் மஞ்சள் நிறமடைகின்றன. நீண்ட நேரம் ஒளியூட்ட வேண்டியிருந்ததால், நடந்து செல்பவர்கள் பதிவாகாமலோ மங்கிய நிழலாகவோ தோன்றுவர. பழைய படங்களில் தேரோடும் வீதிகள் ஆளரவமற்றுத் தோன்றுவதற்கு இதுவும் காரணமாகலாம். அப் படங்களைக் கொண்டு நகரில் மக்கள் நடமாட்டம் குறைவாக இருந்தது என முடிவு செய்தல் தவறாகும்.

கோயில்களின் படங்கள்

கைலாசநாதர் கோயில்

இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மனால் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட கைலாசநாதர் கோயில், காஞ்சிபுரத்தில் மிகுதியாக ஆய்வுக்கு உட்பட்ட கட்டிடமாகும். இதன் பழமை 1880களில் கல்வெட்டுக்கள் ஆராயப்பட்ட பின்னரே உறுதியாயிற்று. 1886ஆம் ஆண்டில் அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்ட ஓய்கன் ஹூல்ட்ஷ், இக் கோயிலின் கல்வெட்டுக்களைத் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் வரிசையின் முதல் தொகுதியில் (1890) வெளியிட்டார்.

இந்தியத் தொல்லியல் துறையின் சென்னைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த அலெக்சாண்டர் ரீ, காஞ்சிபுரத்துப் பல்லவர் கோயில்களை அளந்து, வரைந்து, படமெடுத்தார். இவரது பல்லவர் கட்டிடக்கலை என்னும் நூல் 1909இல் வெளிவந்தது. இதிலுள்ள வரைபடங்களும் ஒளிப்படங்களும் இன்றும் ஆய்வாளர்களால் பயன்படுத்தப்படுகின்றன.

இக் கோயிலின் அடித்தளத்தில் கருங்கல்லும் அதன் மேற்பகுதிகளில் மணற்கல்லும் பயன்பட்டுள்ளன. மணற்கல் எளிதில் உதிரக்கூடியது. இதைத் தடுக்க வெவ்வேறு காலங்களில் சிற்பங்களின்மேல் சுண்ணச்சாந்து பூசப்பட்டது. சாந்துப் பூச்சினால் உருவங்களின் முகமும் ஆடையணிகளும் பல்லவர் கால அமைப்பிலிருந்து மாறியுள்ளன. ஒரு சிற்பத்தில் எப்பகுதி மூலக் கல், எப்பகுதி பிற்காலச் சாந்து என்பதைப் பிரித்தறிவதற்கு, வெவ்வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்களை ஒப்பிடுவது ஒரு வழியாகும்.

1931ஆம் ஆண்டில், புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் காப்ரியேல் ழூவோ துப்ரேய், இக் கோயிலின் திருச்சுற்றில் உள்ள சிறு சன்னதிகளில் பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்களைக் கண்டறிந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களால் வண்ணங்களைப் பதிவு செய்ய இயலாது. எனவே இவ்வகை ஓவியங்களுக்குக் கையால் வரைந்த வண்ணப் படிகளும் தேவைப்பட்டன.

வைகுண்டப் பெருமாள் கோயில்

இரண்டாம் நந்திவர்மன் காலத்தைச் (8ஆம் நூற்றாண்டு) சேர்ந்த இக் கோயிலின் திருச்சுற்று மண்டபச் சுவர்களில், பல்லவ மரபின் வரலாறு தொடர் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளது. புராண முன்னோர் தொடங்கி, நந்திவர்மன் அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு முடிசூடியது வரையான நிகழ்ச்சிகள் இவற்றில் இடம்பெறுகின்றன. சில காட்சிகளின் அருகில் விளக்கக் கல்வெட்டுக்களும் உள்ளன. ஓர் அரச மரபின் வரலாற்றை இவ்வளவு விரிவாகச் சிற்பத்தில் கூறும் கோயில் தமிழ்நாட்டில் வேறில்லை எனலாம்.

இச் சிற்பங்களை முழுமையாக ஆராய்ந்தவர் சி. மீனாட்சி ஆவார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் இவரே. பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றிய இவரது நூல் 1938இல் வெளியானது. 1940ஆம் ஆண்டில் இவர் இளவயதில் காலமானார். வைகுண்டப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்பங்கள் பற்றிய இவரது ஆய்வு, தொல்லியல் துறையின் 63ஆவது ஆய்வுரையாக, படங்களுடன் 1941இல் வெளியிடப்பட்டது. அதன்பின் கடந்த எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் சிற்பங்கள் மேலும் தேய்ந்துள்ளன. எனவே காட்சிகளை அடையாளம் காண்பதில் ஐயம் எழும்போது, ஆய்வாளர்கள் சுவரை மட்டுமன்றி இந் நூலின் படங்களையும் நாடுகின்றனர்.

ஏகாம்பரநாதர், வரதராசப் பெருமாள் கோயில்கள்

கிருட்டிணதேவராயர் 1509ஆம் ஆண்டில் கட்டிய ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரமும், வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபமும் ஒளிப்படக் கலைஞர்களைப் பெரிதும் ஈர்த்தவை. இம் மண்டபத்தில் பாயும் குதிரை வீரர்களின் சிற்பங்களைக் கொண்ட தூண்களும், ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலிகளும் உள்ளன. திறந்த மண்டபம் ஆதலால் போதிய வெளிச்சம் இருந்தது. அக் காலத்துக் கருவிகளுக்கு இது மிகவும் பொருத்தமாக அமைந்தது. இதற்கு மாறாக, இருள் சூழ்ந்த உட்சுற்றுக்களும் கருவறைகளும் பழைய படங்களில் அநேகமாக இடம்பெறுவதில்லை. வெளிச்சமின்மையோடு, கருவறையைப் படமெடுத்தல் கூடாது என்னும் கோயில் மரபும் இதற்குக் காரணமாகும்.

வரதராசப் பெருமாள் கோயில் குளத்தினுள் வைக்கப்பட்டிருக்கும் அத்திவரதர் திருமேனி, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்பட்டு 48 நாட்கள் வழிபாட்டுக்கு வைக்கப்படுகிறது. அண்மையில் இவ் விழா 1979, 2019 ஆகிய ஆண்டுகளில் இடம்பெற்றது. இவ்வளவு நீண்ட இடைவெளியில் நிகழும் ஒரு விழாவில், முந்தைய விழாவின் ஒளிப்படங்கள் நினைவுகளுக்குத் துணையாக நிற்கும் ஆவணங்களாகின்றன.

திருப்பருத்திக்குன்றம்

சினக் காஞ்சி எனவும் அழைக்கப்படும் திருப்பருத்திக்குன்றத்தில் உள்ள சமணக் கோயிலின் சங்கீத மண்டப விதானத்தில், விசயநகர, நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் காட்டும் இவற்றை டி. என். இராமச்சந்திரன் ஆராய்ந்து, 1934ஆம் ஆண்டில் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாகப் படங்களுடன் நூலாக்கினார். விதான ஓவியங்கள் ஈரக்கசிவினால் எளிதில் பாதிக்கப்படுபவை என்பதால், இந் நூலின் படங்கள் அவற்றின் முந்தைய நிலையை அறிய உதவுகின்றன.

பட அஞ்சலட்டைகளும் ஒளிப்பட நிலையங்களும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பட அஞ்சலட்டைகள் பரவலாயின. சென்னையில் இயங்கிய வீலே அண்ட் கிளைன், நிக்கலஸ் அண்ட் கம்பெனி போன்ற ஒளிப்பட நிலையங்கள் தென்னிந்தியக் காட்சிகளைப் படமெடுத்து விற்பனை செய்தன. பயணிகளை எண்ணி எடுக்கப்பட்டவை என்பதால், இத்தகைய படங்களில் கோபுரம், குளம், தேர், யானை ஆகியவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. அங்காடி, பள்ளி, தறிக்கூடம் போன்றவை அரிதாகவே உள்ளன.

20ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் ஒளிப்பட நிலையங்கள் தோன்றின. திருமணம், குழந்தையின் முதல் ஆண்டு நிறைவு, அறுபதாம் கலியாணம் போன்ற நிகழ்வுகளுக்குக் குடும்பத்துடன் அங்கு சென்று படமெடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. தீட்டிய திரைச்சீலையும், முக்காலியின் மேல் வைத்த பூச்சாடியும், சாய்வு நாற்காலியும் இப் படங்களின் பொது அம்சங்களாகும். பட்டுச் சேலையின் கரை தெளிவாகத் தெரியும்படி பெண்களை நிறுத்துவதும் உண்டு. இதனால் காலத்துக்குக் காலம் மாறிய கரை, உடல், முந்தானை வடிவங்களை ஆராய்வோருக்கும் இப் படங்கள் பயன்படுகின்றன.

நெசவாளர்களின் படங்கள்

காஞ்சிபுரம் பட்டு 2005–06 காலப்பகுதியில் புவிசார் குறியீட்டைப் பெற்றது. நகரின் பெயர் உலகெங்கும் பரவுவதற்கு இத் தொழிலே முதன்மைக் காரணமாக இருந்தும், பழைய பொதுச் சேமிப்புக்களில் நெசவாளர்களின் படங்கள் மிகக் குறைவாகும். இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, வெளிச்சம். காஞ்சிபுரத்திலும் ஐயம்பேட்டையிலும் மரபுவழியாகப் பயன்படுவது குழித்தறி ஆகும். நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் உள்ள மிதிகளைக் காலால் இயக்குவார். தறி வீட்டின் உட்பகுதியில் இருக்கும். பட்டிழைகள் வெயிலாலும் காற்றாலும் கெடாதிருக்க ஒளி குறைவாகவே விடப்படும். பழைய கண்ணாடித் தட்டுக்களால் இத்தகைய இடத்தில், அசைந்துகொண்டே இருக்கும் கைகளைப் பதிவு செய்ய இயலாது.

இரண்டாவது, படமெடுத்தவர்களின் நோக்கம். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூல், கைக்கோளர், சாலியர், தேவாங்கர், பட்டுநூல்காரர் முதலிய நெசவுச் சமூகங்களைப் பற்றியும் கூறுகிறது. இவ்வகை நூல்களின் ஒளிப்படங்களில் மனிதர்கள் ஒரு சாதியின் மாதிரிகளாகவே காட்டப்பட்டனர். படத்தில் இருப்பவரின் பெயரோ, அவர் நெய்த துணியின் விபரமோ பெரும்பாலும் குறிக்கப்படவில்லை.

மூன்றாவது, செலவு. கூலிக்கு நெய்யும் குடும்பங்களுக்கு ஒளிப்படம் எடுத்துக்கொள்வது நெடுங்காலம் எட்டாத ஒன்றாக இருந்தது. எடுத்த ஓரிரு படங்களும் தொழிலைக் காட்டுவனவாக இல்லாமல் திருமணப் படங்களாகவே அமைந்தன.

இக் காரணங்களால், நெசவைக் காட்டும் வெளிப்புறப் படங்களில் பாவு போடுதலே அதிகம் இடம்பெறுகிறது. பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு விரித்து, இழைகளைச் சீராக்கிக் கட்டும் இவ் வேலை அதிகாலையில் திறந்த வெளியில், பலர் கூடி நிற்க நடைபெறுவதாகும். இத்தகைய படங்களில் தெருவின் அகலம், திண்ணைகள், மரத்தூண்கள், ஓட்டுக் கூரைகள் ஆகியவையும் பதிவாகியிருக்கும். நெசவாளர் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் அமைந்ததற்கான காரணத்தை இப் படங்களிலிருந்து நன்கு விளங்கிக்கொள்ளலாம்.

தறியைக் காட்டும் படங்களில் கவனிக்க வேண்டிய கூறுகள் சில:

* சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் இணைத்து நெய்யும் கோர்வை முறைக்கு மூன்று நாடாக்களும், நெசவாளருடன் ஓர் உதவியாளரும் தேவை. தறியின் ஓரத்தில் இரண்டாமவர் அமர்ந்திருந்தால் அது கோர்வைச் சேலையாக இருக்க வாய்ப்பு உண்டு. முற்காலத்தில் இவ் வேலையைப் பெரும்பாலும் சிறுவர்களே செய்தனர் என்பதால், இப் படங்கள் குழந்தைத் தொழிலாளர் வரலாற்றுக்கும் சான்றுகளாகின்றன.
* தறியின் மேலே துளை அட்டைகளுடன் கூடிய சக்கார்டுப் பெட்டி காணப்பட்டால், படம் 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதலாம். அதற்கு முன்னர் கோலங்களுக்கான இழைகள் அடை எனப்படும் நூல் அமைப்பைக் கொண்டு கையால் தூக்கப்பட்டன.
* பாவையும் முந்தானைக்கான மாற்றுநிறப் பாவையும் இழை இழையாக இணைப்பது பேட்டுனி எனப்படும். நுண்ணிய வேலையாதலால் பழைய படங்களில் இதைக் காண்பது அரிது.

ஐயம்பேட்டை போன்ற ஊர்களைப் பொறுத்தவரை, நெசவின் வரலாற்றைக் காட்டும் படங்கள் வீடுகளின் சுவர்களிலும் பெட்டிகளிலும், கூட்டுறவுச் சங்கங்களின் விழாப் படங்களிலுமே எஞ்சியிருக்கக்கூடும். பெயர்களைச் சொல்லக்கூடிய முதியவர்கள் மறையும்போது, படம் எஞ்சியிருந்தாலும் அதன் பொருள் இழக்கப்படுகிறது.

காலத்தைக் கணித்தல்

பழைய படங்களில் நாள் குறிக்கப்படாதிருப்பது வழக்கம். அவற்றின் காலத்தை அறியப் பின்வரும் சான்றுகள் பயன்படுகின்றன.

1. படத்தின் ஊடகம்: அல்புமின் தாள், உலர் தட்டு, சுருள் படம் என்பன வெவ்வேறு காலத்தவை.
2. அஞ்சலட்டையின் பின்புறம்: பிரித்தானியாவில் 1902ஆம் ஆண்டுமுதல் முகவரிக்கும் செய்திக்குமாகப் பின்புறம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பிரிக்கப்படாத பின்புறம் உடையவை பெரும்பாலும் அதற்கு அண்மைய அல்லது முந்தைய காலத்தவை. அஞ்சல் முத்திரை, படம் எந்த ஆண்டுக்குப் பிந்தியதாக இருக்கமுடியாது என்பதைக் காட்டும்.
3. கட்டிட நிலை: கோபுரத்தில் வளர்ந்த செடிகள், சாரம், புதிய சாந்துப் பூச்சு, வண்ணம் ஆகியவற்றைத் திருப்பணி ஆண்டுகளுடன் ஒப்பிடலாம்.
4. தெருக் காட்சி: மின்கம்பங்கள், ஊர்திகள், கடைப் பலகைகளின் எழுத்துக்கள் ஆகியன. எடுத்துக்காட்டாக, லை, னை போன்ற எழுத்துக்களின் பழைய வடிவம் கொண்ட பலகை, 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு உண்டு.

ஒரு படம் எடுக்கப்பட்ட ஆண்டும், அது அச்சிடப்பட்ட ஆண்டும் வேறுபடலாம். ஒரே எதிர்ப்படிமத்திலிருந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரும் படிகள் எடுக்கப்பட்டன.

சான்றாக ஒளிப்படம்

திருமேனிகளும் சிற்பங்களும் தம் இடத்திலிருந்து அகற்றப்படும்போது, அவை எங்கிருந்தன என்பதை நிறுவ ஒளிப்படமே வலிமையான சான்றாகிறது. இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுக்களைக் கூறலாம்.

காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த யோகினிச் சிற்பங்கள் 1920களில் ழூவோ துப்ரேயால் கண்டெடுக்கப்பட்டு, பாரிசைச் சேர்ந்த கலைப்பொருள் வணிகர் சி. டி. லூ வழியாக விற்கப்பட்டன. இன்று அவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. இவற்றின் வரலாற்றைப் பத்மா கைமல் 2012ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் ஆராய்ந்துள்ளார். இச் சிற்பங்கள் முதலில் நிறுவப்பட்டிருந்த கோயில் எது என்பது இன்னும் அடையாளம் காணப்படவில்லை.

இதற்கு மாறானது அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் நடராசர் திருமேனியின் வரலாறு. இக் கோயிலின் செப்புத் திருமேனிகளைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம் முன்னரே படமெடுத்து வைத்திருந்தது. திருடப்பட்ட நடராசரை ஆத்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. பழைய படத்துடன் ஒப்பிட்டதன் மூலம் அது சிறீபுரந்தானுக்கு உரியது என்பது நிறுவப்பட்டு, 2014ஆம் ஆண்டில் இந்தியாவிடம் திருப்பி அளிக்கப்பட்டது. ஒரு சாதாரண ஆவணப் படம் இருந்ததும் இல்லாததுமே இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடாகும்.

சேகரிப்புக்கள்

* இந்தியத் தொல்லியல் துறை: ரீ காலம் முதலாக எடுக்கப்பட்ட படங்கள். இவற்றின் படிகள் பல இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலகச் சேகரிப்பிலும் உள்ளன.
* புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம்: 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தென்னிந்தியக் கோயில்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைக் கொண்டது.
* அமெரிக்க இந்தியவியல் நிறுவனம்: 1965ஆம் ஆண்டில் வாரணாசியில் தொடங்கிய இதன் கலை, தொல்லியல் மையம் தற்போது குருகிராமில் உள்ளது. 1983ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கோயில் கட்டிடக்கலைக் கலைக்களஞ்சியத்தின் முதற் பகுதியை வெளியிட்டது.
* சென்னை அரசு அருங்காட்சியகம்: 1851ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.
* அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம்: பிரித்தானிய நூலகத்தால் 2004ஆம் ஆண்டுமுதல் நடத்தப்படுகிறது. தமிழ்நாட்டின் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களை எண்ணிமப்படுத்தும் பணிக்கும் இத் திட்டம் உதவியது.

ஒப்பீடு

இங்கிலாந்தில் சிறு சந்தை நகரங்களுக்குக்கூடத் தொடர்ச்சியான ஒளிப்பட வரலாறு உண்டு. பிரான்சிஸ் பிரித் என்பவர் 1860ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந் நாட்டின் நகரங்களையும் ஊர்களையும் படமெடுத்து விற்றது. 1971ஆம் ஆண்டில் நிறுவனம் மூடப்பட்டபோதும் அதன் சேகரிப்பு காப்பாற்றப்பட்டது. 1897ஆம் ஆண்டில் சர் பெஞ்சமின் ஸ்டோன் தொடங்கிய தேசிய ஒளிப்படப் பதிவுச் சங்கம், கட்டிடங்களுடன் மக்களின் வழக்கங்களையும் விழாக்களையும் படமெடுக்குமாறு ஆர்வலர்களைத் தூண்டியது. அங்கு கடைத்தெருவும் உழவரும் பதிவாயினர். காஞ்சிபுரத்தில் கோயில் பதிவான அளவுக்குக் கடைத்தெருவும் தறியும் பதிவாகவில்லை. உள்ளூர் மக்களே தம் ஊரைப் படமெடுக்கும் நிலை இங்கு காலம் தாழ்த்தியே வந்தது இதற்கு ஒரு காரணமாகும்.

பாதுகாப்பு

வெப்பம், ஈரப்பதம், பூச்சிகள், கரையான் ஆகியவை தமிழ்நாட்டில் ஒளிப்படங்களுக்குப் பெரும் பகையாகும். கண்ணாடிச் சட்டத்துடன் நேரடியாக ஒட்டிக்கொண்ட படங்கள், பிரிக்க முயலும்போது கிழிந்துவிடுகின்றன. பழைய நைட்ரேட்டுப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றக்கூடியவை. அசிட்டேட்டுச் சுருள்கள் கெடும்போது புளிக்காடி போன்ற மணம் வீசும்.

வீட்டில் உள்ள பழைய படங்களைக் காக்கப் பொதுவாகப் பின்வரும் முறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

* அமிலமற்ற தாள் உறைகளில் இட்டு, ஈரமற்ற, இருண்ட இடத்தில் வைத்தல்.
* படத்தின் முகப்பை விரலால் தொடாது ஓரங்களைப் பிடித்தல்.
* கண்ணாடித் தட்டுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது, நிமிர்த்தி வைத்தல்.
* பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுதல். பேனா மை மறுபுறம் ஊறக்கூடும்.
* மின்வருடியால் உயர்ந்த தெளிவில் படியெடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேமித்தல். படியெடுத்த பின்னரும் மூலப் படத்தை எறியாதிருத்தல்.

காப்புரிமை

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி (1957), ஒளிப்படங்களுக்கான பாதுகாப்பு, வெளியிடப்பட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் என இருந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இத் தனி விதியை நீக்கியதால், ஒளிப்படங்களும் மற்றப் படைப்புக்களைப் போலவே, ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாக்கப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் வெளியிடப்பட்ட படங்கள் பொதுவில் உள்ளவை. எனினும் சில நிறுவனங்கள் தம்மிடமுள்ள படிகளை வெளியிடக் கட்டணமும் அனுமதியும் கோருவதுண்டு. குடும்பப் படங்களைப் பொறுத்தவரை, காப்புரிமை முடிந்திருந்தாலும் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று வெளியிடுவதே முறையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* காஞ்சிபுரம்
* ஐயம்பேட்டை
* காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில்
* வைகுண்டப் பெருமாள் கோயில்
* பல்லவர் கட்டிடக்கலை
* காஞ்சிபுரம் பட்டு
* ஒளிப்படக்கலையின் வரலாறு